'கிரேடு 3' ஆறுன்னு சொல்றாங்களே... எந்தத் தண்ணீரில்? ரிஷிகேஷ் கயாக் பயணத்தில் விடுபடும் அந்த ஓர் எண்!

லாங் வீக்கெண்ட் காலண்டரில் தெரிந்ததுமே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் தவறாமல் வந்து விழும் பெயர், ரிஷிகேஷ். டேராடூனுக்கு ஒரு ஃப்ளைட், அங்கிருந்து கேப், மாலையில் கங்கை ஆரத்தி, மறுநாள் காலை ராஃப்டிங், நடுவழியில் மேகி. இந்தப் பட்டியலில் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. எட்டுப் பேர் உட்காரும் ரப்பர் படகு போரடித்துப் போனவர்கள், ஒற்றை ஆள் பிளாஸ்டிக் படகுக்குள் இடுப்பு வரை இறங்கி உட்கார்ந்துகொண்டு, இரண்டு முனையிலும் தகடு வைத்த துடுப்போடு அதே கங்கையில் இறங்குகிறார்கள். ஆமாம், கயாக்கிங்.

நாலு நாள் கோர்ஸ், கடைசி நாளில் ஷிவ்புரியிலிருந்து ராம் ஜூலா வரை 'கிரேடு 3' ஆறு. பயிற்சி முகாம் விளம்பரங்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். தூரம் இருக்கும், நாள் இருக்கும், விலை இருக்கும், ட்ரோன் வீடியோ கண்டிப்பாக இருக்கும். அன்றைக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பது மட்டும் இருக்காது. ஆனால் அது தெரியாமல் 'கிரேடு 3' என்று சொல்வதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை.

ராஃப்ட் வேற, கயாக் வேற

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "போன வருஷம் ராஃப்டிங் போனேன், செம ஈஸி. கயாக்கும் அப்படித்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி இல்லை.

ராஃப்ட் அகலமானது, கனமானது, தப்புகளை மன்னிக்கும். பின்னால் ஒரு வழிகாட்டி உட்கார்ந்திருப்பார். அவர் 'ஃபார்வர்ட்' என்றால் துழாவ வேண்டும், 'ஸ்டாப்' என்றால் நிறுத்த வேண்டும். உண்மையைச் சொன்னால், மற்றவர்கள் கொஞ்சம் உதவி செய்யும் லக்கேஜ்தான்.

கயாக்கில் டிரைவரும் இன்ஜினும் பயணியும் ஒரே ஆள். படகின் வாய்ப்பகுதியை இடுப்போடு சேர்த்து மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட் என்ற ரப்பர் பாவாடை இருக்கும். தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். படகு கவிழ்ந்தால் ஆளைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்கவிடுவதும் அதுதான். அந்த நேரத்தில் இருப்பது இரண்டே வழி. ஒன்று, துடுப்பையும் இடுப்பையும் வைத்துப் படகைத் திருப்பி நிமிர்வது. இதற்குப் பெயர் ரோல். இன்னொன்று, முன்னால் குனிந்து ஸ்கர்ட்டின் வளையத்தைத் தேடிப் பிடித்து இழுத்து, படகிலிருந்து நழுவி வெளியே வருவது.

ரோல் கைபலத்தால் வருவதில்லை. இடுப்பை வெட்டித் திருப்ப வேண்டும், தலை கடைசியாக மேலே வர வேண்டும். மனித உடம்போ இதற்கு நேர் எதிர். மூச்சு முட்டியதும் முதலில் தலையைத்தான் தூக்கும். தலை தூக்கியதும் படகு மறுபடி கவிழும். நீச்சல் குளத்தில் பத்துக்குப் பத்து ரோல் போட்டவர்கள் கூட, பனி உருகி வரும் கங்கையில் முதல் கவிழ்ப்பிலேயே திணறுவது சகஜம். குளிர்ந்த நீர் முகத்தில் அறைந்ததும் உடம்பு தானாகவே மூச்சை உள்ளே இழுக்கப் பார்க்கும். அதைக் கட்டுப்படுத்தப் பழக வேண்டும். நாலு நாளில் சிலருக்கு அது வரும், பலருக்கு வராது. வராதது கேவலம் இல்லை. வராதவரையும் வந்தவரையும் ஒரே நாளில் ஒரே ஆற்றில் இறக்கிவிடுவதுதான் பிரச்னை.

அந்த 16 கிலோமீட்டரில் என்ன இருக்கிறது?

தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் சேர்ந்த பிறகுதான் இந்த ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். அங்கிருந்து ரிஷிகேஷ் வரை மலைகளுக்கு நடுவில் வளைந்து வருகிறது. படகுக்காரர்கள் இதைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மேலே கௌடியாலா, அடுத்து மரைன் டிரைவ், ஷிவ்புரி, பிரம்மபுரி. கௌடியாலாவுக்குக் கீழே 'தி வால்' என்று ஒரு பாய்ச்சல் இருக்கிறது. பெயருக்கேற்ற சுவர். புதியவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஷிவ்புரியிலிருந்து ரிஷிகேஷ் சுமார் 16 கிலோமீட்டர். நடுத்தரப் பிரிவு என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ரிட்டர்ன் டு செண்டர், ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ் என்று பெயர்கள் வரிசையாக வரும். பிரம்மபுரி தாண்டினால் இனிஷியேஷன், டபுள் ட்ரபிள், ஹில்டன், டெர்மினேட்டர். ஹாலிவுட் பட லிஸ்ட் மாதிரி இருந்தாலும் இவை எல்லாம் பாறைகளும் சரிவுகளும்தான். இந்தக் கூட்டத்தில் பெரியது கோல்ஃப் கோர்ஸ்.

ரேபிட்டில் இறங்கும் ஒருவர் செய்வது துடுப்புப் போடுவதைவிட வாசிப்பது. தண்ணீர் எழுதி வைத்திருப்பதை வாசிக்க வேண்டும். வழுவழுப்பான நாக்கு போல 'வி' வடிவம் கீழ்நோக்கி நீண்டால் அதுதான் வழி. அதே 'வி'யின் முனை மேல்நோக்கி இருந்தால், அந்த முனையில் ஒரு பாறை ஒளிந்திருக்கிறது. ஆறு திடீரென்று ஒரு கோடு போட்ட மாதிரி முடிந்து, அதற்கு அப்புறம் எதுவும் தெரியவில்லை என்றால் அங்கே ஒரு வீழ்ச்சி. கரை ஒதுங்கி, இறங்கி நடந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பாறையைத் தாண்டி விழும் நீர் பின்னோக்கிச் சுருண்டு குழி போட்டிருந்தால் அதன் ஓரங்களைப் பார்க்க வேண்டும். ஓரங்கள் ஓட்டம் போகும் பக்கம் வளைந்திருந்தால், மாட்டினாலும் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஓட்டம் வரும் பக்கம் வளைந்திருந்தால் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிறகு, எடி. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் அமைதியாக, சில சமயம் ஓட்டத்துக்கு எதிராகவே சுற்றிக்கொண்டிருக்கும் இடம். கயாக்கர்களுக்கு இதுதான் பஸ் ஸ்டாப். அங்கே நுழைந்து மூச்சு வாங்கலாம், அடுத்த திருப்பத்தைப் பார்க்கலாம், பின்னால் வருபவருக்காகக் காத்திருக்கலாம். புதியவர்கள் அதிகம் கவிழ்வதும் இதன் வாசலில்தான். மூக்கு ஒரு ஓட்டத்தில், வால் எதிர் ஓட்டத்தில் மாட்டியிருக்கும். பைக்கில் வளைவில் சாய்வது போலத் திரும்பும் பக்கம் சாய்ந்தால் தாண்டிவிடலாம். பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் குளியல்தான்.

குளித்த பிறகு செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. எழுந்து நிற்கக்கூடாது. நம்மூரில் ஆற்றில் விழுந்தவர் முதலில் காலை ஊன்றத்தான் பார்ப்பார். ஓடும் நீரில் பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், பின்னால் வரும் நீர் ஆளை முன்னால் தள்ளிப் படுக்கவைத்துவிடும். இடுப்பளவு ஆழத்தில் கூட அதன் பிறகு தலையைத் தூக்க முடியாது. மல்லாந்து, பாதங்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். அமைதியான நீர் வந்ததும் குப்புறத் திரும்பிக் கரைக்கு நீந்த வேண்டும். இந்த ஒன்றைக் கரையில் வைத்துச் சொல்லித்தராத முகாமில் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், தப்பே இல்லை.

'3' என்பது யாருடைய கணக்கு?

ஆறுகளின் கடினத்தை 1 முதல் 6 வரை பிரிக்கும் சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. 1 என்றால் சலசலப்பு. 6 என்றால் உயிரைப் பணயம் வைப்பது. 3 என்பது நடுவில். ஒழுங்கில்லாத அலைகள், குறுகலான வழிகள், படகைச் சொன்னபடி திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். 4 என்றால் பலமான நீர், தப்புக்கு இடம் குறைவு. தண்ணீர் மிகக் குளிராக இருந்தால் ஒரு கிரேடு கூட்டியே கணக்கிட வேண்டும் என்று சொல்லும் பழக்கமும் படகுக்காரர்களிடம் உண்டு.

இதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. கிரேடு பாறைக்குக் கொடுத்த மார்க் இல்லை. ஒரு குறிப்பிட்ட நீரளவில் அந்த இடம் எப்படி இருக்கும் என்பதற்குக் கொடுத்த மார்க். தண்ணீர் கூடும்போது சில பாய்ச்சல்கள் மூழ்கி அடங்கிவிடும். சில, இரண்டு மடங்கு ஆளாகிவிடும். எடிகள் சுருங்கும். போன வாரம் கவிழ்ந்தவர் ஐம்பது மீட்டர் மிதந்து கரையேறிய இடத்தில், இந்த வாரம் அடுத்த ரேபிட்டுக்குள்ளும் சேர்த்தே போக நேரிடும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடம்பின் மேல் தரும் அழுத்தம் நான்கு மடங்கு ஆகும். பத்தாம் வகுப்பு இயற்பியல்தான், ஆனால் நேரில் படும்போது வேறு மாதிரி இருக்கும்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிது இல்லை. மேட்டூருக்கு நீர்வரத்து விநாடிக்கு எத்தனை ஆயிரம் கன அடி என்று படித்துக்கொண்டே காபி குடிக்கும் மாநிலம் இது. ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் பரிசல் இயக்கத் தடை என்று செய்தி வரும். கூடவே எண்ணும் வரும். 1,000 கன அடி என்றால் விநாடிக்குச் சுமார் 28 டன் தண்ணீர். டெல்டா விவசாயிக்கும் பரிசல்காரருக்கும் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்று தெரியும்.

இதே கேள்வியை ரிஷிகேஷில் கேட்டால், "பானி தோடா ஜ்யாதா ஹை பையா" என்று பதில் வரும். தண்ணி கொஞ்சம் ஜாஸ்தி. எவ்வளவு ஜாஸ்தி, எதைவிட ஜாஸ்தி? அங்கே பேச்சு நின்றுவிடும்.

குழாயைத் திறப்பது யார்?

மழை, பனி உருகுதல் இரண்டும் மட்டும் காரணமாக இருந்தால் பருவத்தை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். பருவமழைக் காலமான ஜூலை, ஆகஸ்டில் இங்கே படகு விளையாட்டுகள் எப்படியும் நிறுத்தப்படுகின்றன. ஆனால் இன்றைய கங்கையின் மட்டத்தில் மின்சாரத்துக்கும் பங்கு இருக்கிறது. பாகீரதியில் 260.5 மீட்டர் உயர டெஹ்ரி அணை 2006 முதல் மின்சாரம் தயாரிக்கிறது. அதன் திறன் 1,000 மெகாவாட். அதற்குக் கீழே 400 மெகாவாட் கோட்டேஷ்வர். அலக்நந்தாவில் 330 மெகாவாட் ஸ்ரீநகர் திட்டம், இது காஷ்மீர் ஸ்ரீநகர் இல்லை, உத்தராகண்ட் ஸ்ரீநகர்.

மின்தேவை கூடும் நேரத்தில் டர்பைன்கள் அதிகம் ஓடும், அப்போது ஆற்றில் நீரும் கூடும். தேவை குறைந்தால் நீரும் குறையும். டெஹ்ரியிலிருந்து வரும் ஏற்ற இறக்கத்தைக் கோட்டேஷ்வர் ஓரளவு சமப்படுத்துகிறது, முழுதாக இல்லை. வானத்தில் ஒரு மேகம் கூட இல்லாத நாளில் மணல் திட்டு மெல்ல மெல்ல மறைவதன் ரகசியம் இதுதான்.

இதன் விலை என்ன என்பதை நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 2014 ஜூன் 8, ஹிமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டம். பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர், லார்ஜி அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அவர்கள் படகில் ஏறவில்லை, சாகசம் எதுவும் செய்யவில்லை. தண்ணீர் வரப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

'முன்கூட்டியே சொல்ல முடியாது' என்பது உண்மையா?

"மின்தேவை எப்போது கூடும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் நீர் திறப்பை முன்னதாக அறிவிப்பது சாத்தியமில்லை" என்ற வாதம் வழக்கமாக வரும். இது பாதி உண்மை. இந்திய மின்தொகுப்பில் ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, மொத்தம் 96 ஆகப் பிரித்திருக்கிறார்கள். எந்தத் துண்டில் எவ்வளவு மின்சாரம் என்று டெஹ்ரி போன்ற பெரிய நிலையங்களுக்கு முந்தைய நாளே அட்டவணை போடப்படுகிறது. அன்றைய தினம் அதில் மாற்றங்கள் வரலாம், வரும். ஆனாலும் நாளைக்குக் காலை டர்பைன் எவ்வளவு ஓடும் என்று ஓர் அலுவலகத்துக்குத் தோராயமாகத் தெரிகிறது என்றால், எவ்வளவு தண்ணீர் கீழே வரும் என்றும் தோராயமாகத் தெரியும். ஷிவ்புரி மணலில் நிற்பவருக்குத்தான் அது போய்ச் சேருவதில்லை.

எண்ணே இல்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய நீர் ஆணையம் ரிஷிகேஷில் கங்கையின் மட்டத்தை அளக்கிறது. எச்சரிக்கை மட்டம் 339.5 மீட்டர், அபாய மட்டம் 340.5 மீட்டர். ஆனால் இவை வெள்ளத்துக்காக வகுக்கப்பட்டவை. ஊருக்குள் தண்ணீர் வருமா என்று சொல்லும், கோல்ஃப் கோர்ஸ் இன்று 3-ஆ 4-ஆ என்று சொல்லாது. கயாக்கருக்கு ஆபத்து தொடங்கும் இடம் இந்தக் கோடுகளுக்கு ரொம்பக் கீழே இருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. அரசின் புவியியல் ஆய்வுத் துறை ஆறுகளில் வைத்திருக்கும் அளவுமானிகள் நேரலையாக எண்களை வெளியிடுகின்றன. அமெரிக்கன் ஒயிட்வாட்டர் என்ற அமைப்பு, எந்தப் பிரிவில் எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் நடுவே படகு விடலாம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. சில அணைகளில், எந்த நாளில் எத்தனை மணிக்குப் படகுகளுக்காக நீர் திறப்போம் என்று உரிம நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறார்கள். நம்மிடம் இல்லாத தொழில்நுட்பம் எதுவும் இதில் இல்லை.

"எங்க கைடுக்கு ஆப் வேண்டாம், பாறையைப் பார்த்தே சொல்வார்" என்பார்கள். சரிதான். பல வருடம் இந்த ஆற்றிலேயே வாழும் வழிகாட்டியின் கண் எந்த ஆப்பைவிடவும் நம்பகமானது. அவர் எந்தப் பாறையின் எந்தக் கோட்டை வைத்து முடிவெடுக்கிறார் என்பதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்ல பாடம். ஆனால் டிரிப் நடந்தால்தான் அவருக்கு அன்றைய சம்பளம் என்றால், 'இன்னிக்கு வேண்டாம்' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து அவ்வளவு லேசில் வராது. எண் பொதுவெளியில் இருந்தால் அந்தப் பாரத்தை அவர் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. "போர்டுல பாருங்க பையா, மூடியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

சட்டம் என்ன செய்திருக்கிறது? உத்தராகண்ட் அரசு ராஃப்டிங், கயாக்கிங் இரண்டுக்கும் சேர்த்து 2014-இல் விதிகள் கொண்டுவந்தது. 2018 ஜூனில் அந்த மாநில உயர் நீதிமன்றம், முறையான சட்டமும் கொள்கையும் வரும்வரை ராஃப்டிங், பாராகிளைடிங் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னது. ரிஷிகேஷ் ஸ்தம்பித்தது, பிறகு மீண்டது. இந்த விவாதங்கள் பெரும்பாலும் உரிமம், படகு எண்ணிக்கை, கரையோர முகாம் ஆகியவற்றைச் சுற்றியே நடந்திருக்கின்றன. அவையும் முக்கியம்தான். ஆனால் ஷிவ்புரியிலும் பிரம்மபுரியிலும் கரைப்பாறையில் மீட்டர் கணக்கில் பெயின்ட் அடித்து, எந்தக் கோடு வரை புதியவர்களை இறக்கலாம் என்று எழுதிவைக்க எந்த நீதிமன்றமும் தேவையில்லை. கோட்டேஷ்வரிலும் ஸ்ரீநகரிலும் நாளை திறக்கப்போகும் நீரின் அளவை முந்தைய மாலையே வெளியிட, இருக்கும் அட்டவணையைத் தண்ணீர்க் கணக்குக்கு மாற்றினால் போதும். அதைத் தொடர்ந்து கேட்க வேண்டியவர்கள் சுற்றுலாத் துறையும் அங்கே தொழில் செய்யும் நிறுவனங்களும்.

அதுவரை போகிறவர்கள்?

போகாதீர்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஒரு ரேபிட்டை ஒழுங்காக வாசித்து, சரியான இடத்தில் சாய்ந்து, எடிக்குள் நுழைந்து திரும்பிப் பார்க்கும் அந்த நிமிடத்துக்காகவே பலர் வருடம் முழுக்க லீவு சேர்த்துவைக்கிறார்கள். பணம் கட்டும் முன் நாலைந்து கேள்விகள் கேட்டால் போதும். நேற்றைக்கும் இன்றைக்கும் மட்டம் எவ்வளவு வித்தியாசம்? கூட எத்தனை பேர் காப்பாற்றும் கயாக்கில் வருவார்கள்? கயிறு எறிகிறவர் எந்தப் பாறையில் நிற்பார்? நீர் கூடியதால் ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் அந்த முகாமைப் பற்றி நிறையவே தெரிந்துவிடும். ரத்தானால் பணம் போச்சு என்ற நிபந்தனை இருந்தால், எல்லோரும் சேர்ந்து ஆற்றை 'ஓகேதான்' என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், கஸ்டமர் உட்பட.

ரோல் வராதவர் பிரம்மபுரியிலிருந்து இறங்கலாம். கோல்ஃப் கோர்ஸ் அதற்கு மேலேயே முடிந்துவிடும், தூரமும் 9 கிலோமீட்டர்தான். ராம் ஜூலா பக்கம் கரையேறும் இடத்தைத் தவறவிடாமல் இருப்பது முக்கியம். இன்னும் கீழே பசுலோக் தடுப்பணை இருக்கிறது, அதன் பக்கம் படகோ ஆளோ போகவே கூடாது.

காலையில் ஆற்றங்கரைக்குப் போனதும் இன்னொரு வேலை செய்யலாம், காசு ஆகாது. தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டு டீ சொல்லுங்கள். கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஈர மணல் அகலமானால் ஆறு இறங்குகிறது. டீ முடிவதற்குள் கல் மூழ்கியிருந்தால், ஹெல்மெட் மாட்டும் முன் வழிகாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.